மாயத்தோற்ற மந்திரம்: மேசையில் எந்த விதியை வைத்துக்கொள்வது?

தீப்பந்து மந்திரத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் அது 20 அடி ஆரத்துக்கு வெடிக்கும். ஆறுமுகப் பகடை எட்டை உருட்டிக் கூட்டினால் சேதம், எதிரி சேவில், அதாவது மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையில், ஜெயித்தால் அதில் பாதி. முடிந்தது. அதே மந்திரவாதி, முதல் லெவலிலேயே கிடைக்கும், சத்தமில்லாத மாயக் காட்சி காட்டும் சைலன்ட் இமேஜ் மந்திரத்தை எடுத்து, "நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு கற்குவியல் தெரிகிறது" என்று சொல்லட்டும். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். துரத்தி வரும் குட்டி அரக்கர்களான கோப்ளின்கள் நம்புமா? அதற்குப் பகடை உண்டா? யார் உருட்டுவது, எப்போது? அம்பு விட்டால் என்ன ஆகும்? நம் ஆட்களுக்கே அது பொய் என்று தெரியுமா?

ஐம்பது வருடமாக விதிப்புத்தகங்கள் இதற்கு வேறு வேறு பதில் சொல்லி வருகின்றன. புதிதாக ஒரு கேம்பெயின், அதாவது பல நாள் தொடரும் ஆட்டம், தொடங்கும்போது, யாராவது மாயத்தோற்ற மந்திரவாதியாக ஆடப்போகிறார் என்றால், எந்தப் பதிலை எடுத்துக்கொள்வது என்று முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது. நடுச்சண்டையில் முடிவு செய்தால் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கோ ஆட்டக்காரருக்கோ மனக்கசப்பு நிச்சயம்.

எல்லா விதிகளையும் ஒரே காட்சியில் ஓட்டிப் பார்ப்போம். பத்தடி அகல நடைபாதை. உங்கள் குழு அடிபட்டு ஓடி வருகிறது. பின்னால் ஆறு கோப்ளின்கள், கையில் வில். அவற்றோடு ஓகர் என்ற ராட்சசன் ஒன்று, ஒரு ஓநாய். மந்திரவாதி திரும்பி நின்று, கூரை இடிந்து விழுந்த மாதிரி ஒரு கற்குவியலைக் காட்டுகிறாள். சத்தம் இல்லை, தூசி வாடை இல்லை, வெறும் காட்சிதான். ஒவ்வொரு விதியிடமும் நான் கேட்பது இரண்டுதான்: எதிரி எத்தனை சுற்று (எல்லோரும் ஒருமுறை செயல்பட்டு முடிப்பது ஒரு சுற்று) இழக்கிறான், மேசையில் நாம் எத்தனை நிமிடம் இழக்கிறோம்?

முதலில் பழைய வழி. 1974-இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஃபான்டாஸ்மல் ஃபோர்சஸ் என்று ஓர் இரண்டாம் லெவல் மந்திரம் உண்டு. மனதில் தோன்றும் எதையும் காட்டலாம். மந்திரவாதியின் கவனம் கலையாதவரை, உயிருள்ள எதுவும் தொடாதவரை அது நிற்கும். பார்ப்பவன் உண்மை என்று நம்பிவிட்டால் அதனால் வரும் சேதமும் உண்மை. அடுத்த வருடமே மாயத்தோற்றத்துக்கென்றே இல்லூஷனிஸ்ட் என்று தனிப் பாத்திர வகை ஒரு பத்திரிகையில் வந்தது. 1978-இல் அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் புத்தகத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

கற்குவியல் வரைக்கும் இந்த விதியில் தொல்லை இல்லை. ஆனால் எந்த ஆட்டக்காரர் கற்குவியலோடு நிற்பார்? நம்பினால் சாவு என்று விதி இருக்கும்போது, கூரையைக் கோப்ளின்களின் தலைமேலேயே இடித்து விடுவார். அடுத்த சண்டையில் டிராகன், அதற்கடுத்து எரிமலைக் குழம்பு. மலிவு விலையில் தீப்பந்து கிடைத்த கதைதான். தடுக்க வேண்டிய கேம் மாஸ்டர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் "அது நம்பவில்லை" என்ற ஒரு வரி. அதை இரண்டு தடவை சொன்னாலே ஆட்டக்காரர் முகம் சுருங்கிவிடும். 1981-இல் வந்த எளிய பதிப்பு இதை அழகாகச் சரி செய்தது: மாயத்தால் 'செத்தவர்' மயங்கித்தான் விழுவார், 'கல்லானவர்' அசையாமல் நிற்பார், கொஞ்ச நேரத்தில் இரண்டும் தெளிந்துவிடும். பழைய பாணி ஆட்டம் பிடித்தவர்கள் இந்தத் திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இது வேண்டாம்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் இந்தத் துறையை முதல்முறையாக முறைப்படி பிரித்து அடுக்கியது என்பேன். ஐந்து பிரிவு. இல்லாததைக் காட்டுவது ஃபிக்மென்ட். இருப்பதை வேறு மாதிரி காட்டுவது கிளாமர். பார்ப்பவர் மனதைப் பாதிக்கும் கோலம் பேட்டர்ன். ஒருவர் மனதுக்குள் மட்டும் ஓடுவது ஃபான்டாசம். பாதி உண்மையாக இருப்பது ஷேடோ. இந்தப் பிரிவினையால் ஒரு பெரிய சந்தேகம் தானாகவே தீர்ந்துவிடுகிறது: எலும்புக்கூட்டை ஏமாற்ற முடியுமா? கற்குவியல் என்றால் முடியும், ஏனென்றால் அது வெளியே இருக்கிற காட்சி. மனதுக்குள் விதைக்கிற பயம் என்றால் முடியாது, அங்கே விதைக்க மனமே இல்லை.

ஆனால் சேவ் எப்போது கிடைக்கும் என்ற இடத்தில் மறுபடியும் வழக்கு. கூர்ந்து பார்த்தாலோ, அதோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்பு கொண்டாலோதான் சேவ் என்கிறது விதி. நம் காட்சியில், ஓடி வரும் கோப்ளின்களுக்கு வெறுமனே பார்த்ததற்காகச் சேவ் கிடையாது, நின்றுவிடும். ஒன்று கையை வைக்கிறது, கை உள்ளே போகிறது. கண்கூடான ஆதாரம் கிடைத்துவிட்டதால் அதற்குச் சேவே தேவையில்லை. அது கத்துகிறது. மற்றவற்றுக்கு 4 கூடுதலோடு சேவ். கண்டுகொண்டவர்களுக்குக் கற்குவியல் மங்கலான வெளிக்கோடாகத் தெரியும். இதுவரை எல்லாம் சரி. கையை வைக்காமல், "இது என்ன புதுசா?" என்று ஒன்று நின்று முறைத்துப் பார்த்தால்? கேம் மாஸ்டர் அதைக் கூர்ந்து பார்த்ததாகக் கணக்கு வைப்பார். மந்திரவாதியை ஆடுகிறவர் வெறும் பார்வை என்பார். எதிரி ஒரு சுற்று இழந்தான், நாம் கால் மணி நேரம் இழந்தோம்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த வழக்கை ஒரே போடாகப் போட்டு முடித்தது. சந்தேகம் வந்தால், ஒரு சுற்றில் ஒருமுறை செயல்படக் கிடைக்கும் ஓர் ஆக்‌ஷனைச் செலவழி, புலனாய்வுச் சோதனை உருட்டு. இல்லையா, போய்த் தொடு, தொட்டால் தெரிந்துவிடும். வேறு வழி இல்லை. இந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் சந்தேகத்துக்கு ஒரு விலை வைக்கிறது. அந்தக் கோப்ளின் உருட்டினாலும் உருட்டாவிட்டாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், அந்தச் சுற்றில் அம்பு விடவில்லை.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். முதல் லெவல் மந்திரவாதி, அறிவு 16 என்றால் அடிப்படை எட்டு, தேர்ச்சிக்கு இரண்டு, அறிவுக்கு மூன்று சேர்த்து எதிரி எட்ட வேண்டிய இலக்கு 13. கோப்ளினின் அறிவு 10, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. இருபதுமுகப் பகடையில் 13-உம் அதற்கு மேலும் விழ 40 சதவீத வாய்ப்பு. ஆறு கோப்ளின்களும் ஆக்‌ஷனைக் கொடுத்து உருட்டினால் ஒன்றாவது கண்டுபிடிக்க 95 சதவீத வாய்ப்பு. ஆனால் அதற்குள் ஆறு அம்புகள் வராமல் போய்விட்டன. ஓகரின் அறிவு 5 என்பதால் மூன்று குறையும், வாய்ப்பு 25 சதவீதம். ஓநாய்க்கு அறிவு 3, வாய்ப்பு 20 சதவீதம்தான். எண்ணை மட்டும் பார்த்தால் கூட்டத்திலேயே பெரிய ஏமாளி ஓநாய். மூக்கைப் பார்த்தால் அதுதான் முதலில் தாண்டிப் போகும்! உங்கள் குழுவின் வாடை அந்தக் 'கற்களுக்கு' ஊடாக நேராக வந்துகொண்டிருக்கிறது, சைலன்ட் இமேஜால் அதை மறைக்க முடியாது. மோப்பத்தை நம்பும் விலங்குக்கு அறிவுச் சோதனை கேட்பது அபத்தம். விதி சொல்லாவிட்டாலும் கேம் மாஸ்டர் இதைச் சொல்லியாக வேண்டும். வௌவாலும் அப்படித்தான். எதிரொலியில் வழி பார்க்கிற பிராணிக்கு அங்கே கற்குவியலே இல்லை.

ஐந்தாம் பதிப்பின் ஓட்டைகள் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, ஆக்‌ஷன் செலவழித்து ஆராய்வதைவிட ஓர் அம்பு விட்டுப் பார்ப்பது லாபம். அம்பு உள்ளே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும், போகாவிட்டால் அது நிஜக் கல். இரண்டு, கண்டுபிடித்தவன் மற்றவர்களிடம் சொன்னால் என்ன ஆகும் என்று மந்திரத்தின் விளக்கத்தில் இல்லை. உங்கள் கூட்டாளிகளுக்கும் இதே கதி: "அது பொய், அதற்குப் பின்னால் இருந்து சுடுங்கள்" என்று மந்திரவாதி சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஊடே தெரியுமா தெரியாதா? தெரியும் என்றால் முதல் லெவல் மந்திரத்தில் ஒருபக்கக் கண்ணாடி கிடைத்துவிட்டது.

இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. மாயம் என்று தெரிந்துகொள்வது வேறு, கண் அதைத் தாண்டிப் பார்ப்பது வேறு என்கிறது. கை உள்ளே போனால் கோப்ளினுக்கு விஷயம் தெரியும், ஆனாலும் சோதனையில் ஜெயிக்காதவரை கண்ணுக்குக் கல்தான். ஜெயித்த பிறகும் அது புகை மாதிரி மங்கலாக நின்று, பின்னால் இருப்பவரைக் குறிபார்ப்பதைக் கடினமாக்கலாம். தர்க்கப்படி இதுதான் எல்லாவற்றிலும் நேர்த்தியானது. மேசையில் மட்டும் கொஞ்சம் வழுக்கும்: "தெரியும், ஆனால் தெரியாது" என்ற நிலையை ஆறு கோப்ளின்களுக்கும் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். விதிகளை ரசித்து ஆடுகிற குழுவுக்குப் பிடிக்கும். வாரக் கடைசியில் அசதியோடு உட்காருகிற குழுவுக்கு வேண்டாம்.

இதுவரை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வெளியே தெரிகிற மாயம். மனதுக்குள் நடக்கிற மாயம் முற்றிலும் வேறு பிராணி. ஐந்தாம் பதிப்பின் ஃபான்டாஸ்மல் ஃபோர்ஸ் இரண்டாம் லெவல் மந்திரம். ஒரே ஆள்மேல் விழும், அவன் அறிவுச் சேவில் தோற்றால் அவனுக்கு மட்டும் தெரியும். கற்குவியலை ஓகரின் மண்டைக்குள் வைத்தால், இலக்கு அதே 13 என்று வைத்துக்கொண்டால், நான்கில் மூன்று தடவை அது சிக்கும். சிக்கியபின் நடப்பதுதான் வேடிக்கை. கோப்ளின்கள் தாராளமாக ஓடிக்கொண்டிருக்க, ஓகர் ஒன்றுமில்லாத இடத்தில் பிரேக் போட்டு நிற்கிறது. "ஏன் நிற்கிறாய்?" "கல் விழுந்து கிடக்கிறதே!" "எங்கே கல்? இதோ நான் நிற்கிறேன் பார்." ஓகர் யோசித்து, சந்து வழியாக நுழைந்துவிட்டாய் போலிருக்கிறது, நீ குட்டி என்று பதில் சொல்லும். முரண்பாடு எது வந்தாலும் அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் சொல்லிக்கொள்வான் என்பது விதியிலேயே இருக்கிறது. கேம் மாஸ்டர் கையில் ஒரு நாடகத்தைக் கொடுக்கிற விதி இது. 2014 வடிவத்தில் சேதமும் சுற்றுக்கு ஓர் ஆறுமுகப் பகடைதான், தீப்பந்தோடு போட்டி இல்லை. அதே வடிவத்தில் செத்தெழுந்த பிராணிகளிடமும் செய்பொம்மைகளிடமும் இது பலிக்காது. அதுவும் நியாயம்.

இந்த உள்ளே, வெளியே பிரிவினையை மிகத் தெளிவாகச் செய்தது 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிகா என்ற விளையாட்டு. அங்கே மந்திரம் என்பது ஐந்து செயல்களையும் பத்துப் பொருள்களையும் சேர்த்துக் கட்டுவது. காட்சி, ஒலி, வாசனை போன்ற புலனுக்கு எட்டுகிற வடிவங்கள் இமாஜினெம் என்ற கலையில் வரும். மனம் மென்டெம் என்ற வேறு கலையில். பொருள்களிலிருந்து உருவங்கள் கிளம்பி வந்து கண்ணில் படுகின்றன என்ற ஐரோப்பிய இடைக்காலக் கருத்தை அப்படியே எடுத்து விதியாக்கியிருக்கிறார்கள். அதனால் மாயக்கல் அந்த உலகத்தில் நிஜமாகவே 'தெரிகிறது'. யாரும் அதை நம்பத் தேவையில்லை. கண் இருக்கிற எவருக்கும் தெரியும். மறைந்து போவதும் இதே கணக்குதான்: ஆள் அங்கேயே இருக்கிறான், அவனிடமிருந்து கிளம்புகிற காட்சியை மட்டும் அழிக்கிறார்கள். எந்தச் சந்தேகம் வந்தாலும் முதல் தத்துவத்திலிருந்து பதில் வந்துவிடுகிறது. வேறு எந்த விளையாட்டு ஆடினாலும் இந்த எண்ணத்தை மட்டும் இங்கிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

ஃபேட் மாதிரி கதைப் போக்கு விளையாட்டுகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை. மாயம் போட்டால் 'அடைபட்ட பாதை' என்று ஒரு ஆஸ்பெக்ட், அதாவது நிலைமையைச் சொல்லும் குறிப்பு, மேசையில் வரும், தேவைப்படும்போது அதை இழுத்து 2 கூட்டிக்கொள்ளலாம், எதிரி தாண்ட நினைத்தால் உருட்ட வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் மூளையைக் கசக்கி யோசித்த மாயத்துக்கும் சும்மா வாயில் வந்த மாயத்துக்கும் அதே 2. மாயத்தோற்ற மந்திரவாதியாக ஆட ஆசைப்படுகிற ஆளுக்கு இது சப்பென்று இருக்கும்.

பாதி உண்மையான நிழல் மாயங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் பதிப்பில் அவற்றைக் கண்டுகொண்டவருக்கு 20 சதவீதம்தான் உண்மை, பெரிய மந்திரங்களில் இன்னும் ஏறும். ஒவ்வொரு அடிக்கும் சதவீதக் கணக்குப் போட வேண்டும், சுகமில்லை. அதைவிட ஐந்தாம் பதிப்பின் மாய மந்திரவாதிக்கு 14-ஆம் லெவலில் கிடைக்கிற சலுகை நல்லது: தன் மாயத்திலிருந்து உயிரில்லாத ஒரு பொருளை ஒரு நிமிடத்துக்கு நிஜமாக்கிக்கொள்ளலாம், அது நேராகச் சேதம் செய்யக் கூடாது. மாயப் பாலத்தில் நிஜமாக நடந்து போகலாம். கணக்கே இல்லை.

சரி, எதை எடுப்பது? என் தேர்வு ஒரு கலவை. ஆர்ஸ் மேஜிகாவின் பிரிவினை, ஐந்தாம் பதிப்பின் விலை. வெளியே தெரிகிற மாயத்துக்குச் சேவ் கிடையாது, அதனால் சேதமும் கிடையாது. ஆராய ஓர் ஆக்‌ஷன். தொட்டாலோ அம்பு ஊடுருவினாலோ, அதைக் கண்ணால் பார்த்த எல்லோருக்கும் குட்டு வெளிப்படும். வாய்வார்த்தையாகக் கேள்விப்பட்டவர்கள் சந்தேகப்படலாம், அதன்படி நடக்கலாம், ஆனால் கண் ஊடே பார்க்காது. இது உங்கள் கூட்டாளிகளுக்கும் பொருந்தும், ஒருபக்கக் கண்ணாடி தொல்லை தீர்ந்தது. உள்ளே நடக்கிற மாயத்துக்கு எப்போதும் சேவ், ஒரே ஆள், சின்னச் சேதம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கேம் மாஸ்டர் தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வியை மாற்ற வேண்டும். "இது நம்புமா?" என்று கேட்டால் அவருக்கு உண்மை தெரிந்திருப்பதால் பதில் எப்போதும் ஒருபக்கம் சாயும். "இதைப் பார்த்ததும் இது என்ன செய்யும்?" என்று கேட்டால் சாய்வதற்கு இடம் குறைவு. துரத்தி வரும் கோப்ளின் கற்குவியலைப் பார்த்தால் என்ன செய்யும்? அது அதன் சொந்தக் குகை என்றால், சுற்றுப்பாதை தெரியும், அந்தப் பக்கம் ஓடும். மாயத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை, ஆனாலும் உங்கள் முன்னால் வந்து நிற்கும்! அந்நிய இடிபாடு என்றால் நின்று தலைவனைப் பார்க்கும். அம்பு விடுமா? கற்குவியலைப் பார்த்து அம்பு விடுகிற கோப்ளினை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வியால் ஆட்டக்காரரின் சாமர்த்தியத்துக்கும் கூலி கிடைக்கிறது. கூரை சத்தமில்லாமல் இடியாது, எனவே சைலன்ட் இமேஜில் கற்குவியல் சுமாரான யோசனைதான். விழும்போது பார்த்த கோப்ளினுக்கு உறுத்தும். அதே மந்திரத்தில் அடர்ந்த பனிமூட்டம் காட்டியிருந்தால்? பனிக்குச் சத்தம் வேண்டாம். அம்பு ஊடே போனாலும் கை உள்ளே போனாலும் அதிசயமில்லை, பனி அப்படித்தான். பொருள் ஊடே போவதால்தான் மாயம் வெளிப்படுகிறது என்று விதியே காரணம் சொல்லும்போது, ஊடே போவது இயல்பான ஒன்றில் எதுவும் வெளிப்படாது. இதை அனுமதிக்கலாமா என்று பலர் தயங்குவார்கள். தாராளமாக அனுமதியுங்கள். நிஜப் பனிமூட்டம் வரவழைக்கிற ஃபாக் கிளவுடும் முதல் லெவல்தான், அது 20 அடி ஆரத்துக்குப் பரவும். சைலன்ட் இமேஜ் 15 அடிக் கனசதுரம் மட்டும்.

சேவே இல்லாமல் ஒரு கூட்டத்தை நிறுத்துவது அதிகப்படி என்று தோன்றினால் ஸ்லீப் மந்திரத்தோடு வைத்துப் பாருங்கள். 2014 விதியில் அதுவும் முதல் லெவல், எண்முகப் பகடை ஐந்து, சராசரி இருபத்திரண்டரை. கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7. சேவே இல்லாமல் மூன்று கோப்ளின் ஒரு நிமிடம் தூங்கும். ஆறு கோப்ளின் ஒரு சுற்று திகைத்து நிற்பது அதைவிடப் பெரிய வரம் இல்லை.

இன்னொரு பாதி இருக்கிறது: எதிரி உங்கள் ஆட்டக்காரர்கள்மேல் மாயம் போடும்போது. "புலனாய்வு உருட்டுங்கள்" என்று நீங்கள் வாயைத் திறந்த நொடியே மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் அவர்களை உருட்டச் சொல்லாதீர்கள். பத்தோடு திறமையைக் கூட்டி வரும் செயலற்ற மதிப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, இலக்கைத் தாண்டுகிறவரிடம் மட்டும் "அந்தப் பாலத்துக்கு நிழல் விழவில்லை" என்று ஒரு விவரம் கொடுங்கள். பாத்ஃபைண்டர் ஆடுகிறவர்களுக்குக் கேம் மாஸ்டர் திரைக்குப் பின்னால் உருட்டுகிற ரகசியச் சோதனை விதி ஏற்கனவே இருக்கிறது. நிழலைக் கவனித்தவர் ஒரு கல்லை எடுத்து வீசிப் பார்த்தால் அவருக்கு அங்கேயே தெரிந்துவிட வேண்டும், அதற்குமேல் பகடை கேட்கக் கூடாது. யாருமே கவனிக்காமல் அந்த மாயப் பாலத்தில் காலை வைத்தால் பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை என்று விழுகிற சேதத்தை உருட்டிக்கொள்ளட்டும். அது பள்ளம் செய்கிற சேதம், மாயத்துக்கு அதில் பங்கில்லை.